மாடு மேயக் கொடுத்த இடம்

சனிக்கிழமை மாலை. ஃபிஜித் தீவின் ராகிராகியில் நிதேஷ் கவுண்டர் வீட்டு வராந்தாவில் நண்பர்கள் கூடிக் குடிக்க, மயக்கம் தரும் யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் சிரட்டை ஷாலெனுக்கு. அவ்வூர் வழக்கப்படி ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூன்றுமுறை தட்டினான். வீடு, மனை முடித்துக் கொடுப்பது அவன் தொழில். கரும்பு நிலக் குத்தகை முடிந்து வாடகை வீட்டில் ஒண்டியிருந்த நிதேஷுக்கு ஆற்றோரமாக ஓர் இடம் பார்த்திருந்தான்.

நிதேஷின் மனைவி பர்மிளா கதவோரம் நின்று கேட்டாள்.

"தம்பி, தரகு லைசென்ஸ் வச்சிருக்கியா? குல நிலத்துல வீடு கட்ட நில வாரியம் சம்மதிக்கணுமே, குடுத்துச்சா?"

"அண்ணி எப்ப போலீஸ்ல சேந்தாங்க?" என்றான் ஷாலென். எல்லோரும் சிரித்தார்கள்.

நிதேஷுக்குக் காது சிவந்தது. "ஒரே சட்டியில குடிக்கிறவன்கிட்ட காகிதம் கேப்பியா? மானத்த வாங்காத, உள்ள போ!"

அவள் உள்ளே போனாள். அவர்களுடைய சேமிப்பு ஷாலென் கைக்குப் போனது.

அஸ்திவாரம் தோண்டிய அன்று, அந்த நிலத்துக்குரிய பூர்வகுடிக் குலத்தின் பெரியவர் இலைசா வந்தார். குழியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிப் பர்மிளாவிடம் சொன்னார்.

"தங்கச்சி, இது ஷாலெனோட மாடு மேயறதுக்கு நாங்க வாய்வார்த்தையா விட்ட இடம். வீடு கட்ட நாங்களும் சொல்லல, வாரியமும் சொல்லல. மண்ணை மூடிருங்கம்மா."

பர்மிளா தரகர் உரிம அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "லைசென்ஸ் உள்ளவரா இருந்தா முன்பணம் தனிக் கணக்குல இருந்திருக்கும், நாங்களும் கேள்வி கேக்கலாம். இவர் பேரே இங்க இல்லையேக்கா. லைசென்ஸ் இல்லாம தரகு பண்றதே குத்தம். போலீஸ்ல சொல்லுங்க."

நிதேஷ் மறுத்தான். "நம்ம கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன்டி அவன்!"

"அந்தப் பந்தல்லயே குடியிருப்போமா? அதே இடத்தத்தான் பஸ் ஓட்டுற ஹனீஃப் பாய்க்கு நேத்துக் காட்டியிருக்கான்."

நிதேஷ் எழுந்தான். நேரே ஹனீஃப் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான்.

"கூடக் குடிச்சவனையே காட்டிக் குடுக்குறியே, வெக்கமா இல்ல?" என்றார் ஹனீஃப்.

"இருக்கு பாய். அன்னைக்குக் கேக்க வெக்கப்பட்டேன், வீடு போச்சு. இன்னைக்குச் சொல்ல வெக்கப்பட்டா உங்க வீடும் போகும். தெரிஞ்சவனா இருந்தாலும் லைசென்ஸ கண்ணால பாத்துட்டுப் பணத்தக் குடுங்க. நல்லவனா இருந்தா அதுக்குக் கோவிச்சுக்க மாட்டான்."

ஹனீஃப் சட்டையை மாட்டிக்கொண்டார். "நட, போலீஸுக்கு நானும் வர்றேன்."