இழுத்துப் பார்த்தாயிற்று

பைக் பட்டறையில் அவளை எல்லோரும் ‘பட்டியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் முதலில் வேலைகளை வரிசையாகத் தாளில் எழுதுவாள். ஒவ்வொன்றாக முடித்து டிக் அடிப்பாள். முதலாளியான அவளுடைய சித்தப்பாவுக்கு அந்தத் தாளைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

அன்று காலை தையல்காரம்மாவும் அவள் கணவரும் தங்கள் பெரிய பைக்கை எடுக்க வந்தார்கள். தையல்காரம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு நாள் பயணத்துக்கு டாக்டர் ஒரே நிபந்தனையோடு சம்மதித்திருந்தார்: பின்சீட்டில் சாய்மானம் இருக்க வேண்டும். தேவைப்படும்போது மாட்டிக் கழற்றும் சாய்மானத்தையும், அதன் பின்னால் பை கட்டும் தட்டையும் பட்டியல்தான் பொருத்தியிருந்தாள்.

“ஏம்மா, நம்பிச் சாயலாமா?” என்று கேட்டாள் தையல்காரம்மா.

அவள் தாளை நீட்டினாள். கணவர் வாங்கிப் பார்த்தார்.

“ஒம்பது டிக்கும் முத்து முத்தா இருக்கே! நீ தைக்கிற பட்டன்கூட இவ்வளவு நேரா இருக்காதுடி.”

“அப்போ சட்டையையும் இவகிட்டயே தைச்சுக்கோங்க” என்றபடி தையல்காரம்மா ஏறி உட்கார்ந்தாள்.

அவர்கள் போய்க் கால் மணி நேரம் கழித்து, பட்டியல் உதிரிபாகங்கள் வைக்கும் தட்டைத் துடைக்கும்போது அதில் ஒரு வளையம் உருண்டது. வலப்பக்கப் போல்ட்டில் கோக்க வேண்டிய வளையம். சாய்மானத்தின் கொண்டி அதைத்தான் கவ்வ வேண்டும். அது இல்லாவிட்டாலும் கொண்டி மூடிக்கொள்ளும். பிடிமானம் மட்டும் இருக்காது. ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் கையோடு வந்திருக்கும்.

ஒன்பதாவது வரி அதுதான்: ‘இழுத்துப் பார்த்தாயிற்று.’ அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட பதற்றத்தில், எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்று முதலில் டிக்கைப் போட்டுவிட்டாள். பிறகு பை கட்டப் போனவள் மறந்தே போனாள்.

காதெல்லாம் சுட்டது. சித்தப்பாவிடம் ஓடினாள்.

“உடனே போன் போடு. இலவச செக்கப்னு சொல்லு. காரணத்தச் சொல்லிக் கடை மானத்த வாங்கிடாத.”

போட்டாள். தையல்காரம்மாவே எடுத்தாள். “அக்கா, ஒரு சின்ன செக்கப் இருக்கு. எல்லா வண்டிக்கும் செய்யறதுதான். திரும்பி வாங்க. வர்றவரைக்கும் சாயாதீங்க.” தன் குரல் இவ்வளவு இயல்பாக வந்ததுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வந்தார்கள். பட்டறையில் காத்திருந்த நாலு பேர் காதில் விழும்படி கணவர் சொன்னார்: “பொறுப்புன்னா இதுதாங்க! போன பிறகும் கூப்பிட்டுப் பாக்குது பாருங்க இந்தப் பொண்ணு.”

சித்தப்பா கண்ணால் அடக்கினார். அவளால் முடியவில்லை.

“செக்கப் இல்லண்ணா. ஒரு வளையத்த மாட்டாம விட்டுட்டேன். இழுத்துப் பாக்காமலே டிக் போட்டேன். அக்கா அழுத்திச் சாஞ்சிருந்தா விழுந்திருப்பாங்க.”

தையல்காரம்மா வண்டியிலிருந்து இறங்கி, இரண்டு விரலால் சாய்மானத்தை இழுத்தாள். வலப்பக்கம் சுலபமாக எழும்பி வந்தது.

“போன்லயே சொல்லியிருக்கலாமே, பொண்ணே” என்றாள். அதட்டக்கூட இல்லை.

பட்டியல் தரையில் மண்டியிட்டு வளையத்தைக் கோத்தாள். கொண்டியை மூடி, இரண்டு கையாலும் இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வண்டியே ஆடியது.

“கெட்டியா இருக்குக்கா.”

“சரி.”

வண்டி கிளம்பியது. வாசலில் நின்று பார்த்தாள். தெரு முனை திரும்பும்வரை தையல்காரம்மா கணவரின் தோளைப் பிடித்தபடி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.