தூசியாகவே இருக்கட்டும்

எலியாஸின் கோளைக் கொன்றவள் ரோமினாதான். சாந்தியாகோ பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை, இருவருக்கும் தற்காலிக வேலை. இளம் நட்சத்திரம் ஒன்றைச் சுற்றியிருந்த வாயுவும் தூசியுமான தட்டுக்குள் புதிதாய்ப் பிறக்கும் கோளைக் கண்டுவிட்டதாக அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். தொலைநோக்கிப் படங்கள் ஒரு வருடம்தான் எடுத்தவருக்குச் சொந்தம். பிறகு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கெடு முடிந்த காலையிலேயே இவள் அவன் படங்களை இறக்கினாள். கண்ணைக் கூசும் நட்சத்திர வெளிச்சத்தைப் படத்திலிருந்து கழிக்கும்போது தட்டும் கொஞ்சம் அரிக்கப்பட்டு, மிச்சம் கோள் மாதிரித் தெரியும். அவன் கண்டது அப்படியொரு தூசித் திட்டு என்று கட்டுரை எழுதினாள். எழுதியது உண்மைதான். ஆனால் கருத்தரங்கில் அதைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்திருக்க வேண்டாம்.

இப்போது அவள் படத்தில் ஒரு புள்ளி. வேறு நட்சத்திரம், கோள் துடைத்துவிட்டுப் போன மாதிரி தட்டில் இருந்த இடைவெளிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கோள் என்று நிரூபித்தால் துறையில் இருந்த ஒரே நிரந்தர வேலை கையில். அவசரப்பட்டுச் சொல்லி, அது தூசியாகிவிட்டால்? எலியாஸ் சும்மா விடுவானா? புள்ளி நகர்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்றிருந்தாள். அவளுக்குக் கிடைத்த இரவுகளில் பாலைவன மலைமேல் காற்று பேயாட்டம் ஆடியது. தொலைநோக்கியின் கூரையையே திறக்கவில்லை.

ஒரு மாலை எலியாஸ் ரொட்டியும் அவகாடோவுமாக அவள் அறைக்கு வந்தான்.

"உன் வருஷம் முடியப் போகுதுல்ல? அடுத்த மாசம் எனக்கு மலையில நேரம் கிடைச்சிருக்கு. உன் நட்சத்திரத்தையும் சேர்ந்து பாத்துருவோமா?"

"எதுக்கு? இன்னொரு தூசித் திட்டுக்குப் பேர் வைக்கவா?"

"நாக்குல விஷம்டி உனக்கு. சரி, ரொட்டியாவது தின்னு."

அவள் தின்னவில்லை.

கெடு முடிந்து கொஞ்ச நாளில் எலியாஸின் கட்டுரை வந்தது. அவள் நட்சத்திரம், அவள் படங்கள், அவள் புள்ளி. அவன் புதிதாக எடுத்த படத்தில் அது ஒரு கோள் நகர வேண்டிய அளவுக்கு நகர்ந்திருந்தது.

"திருட்டுப் பயலே!" என்று அவன் அறைக் கதவைத் தள்ளினாள்.

"திறந்து கிடந்ததைத்தானே எடுத்தேன்? நீ எடுக்கலயா?" அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "வந்து கூப்பிட்டேன், ரோமினா. நீதான் வரல. நீ எனக்கு வச்ச அதே சோதனையத்தான் இதுக்கும் வச்சேன். தேறிருச்சு. கடைசிப் பக்கத்துல உனக்கு நன்றி போட்டிருக்கேன், பாரு."

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். நிரந்தர வேலை யாருக்கு என்று இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை. தன் படங்களையே திறந்து, அவனுடைய கோளைத் தான் கொன்ற அதே வழியில் வெளிச்சத்தைக் கழிக்கத் தொடங்கினாள்.

"தூசியா இரு. தயவுசெஞ்சு தூசியா இரு," என்று முணுமுணுத்தாள்.

எப்படிக் கழித்தும் புள்ளி போகவில்லை. இவ்வளவு நல்ல கோளை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.