நூறாம் எண் யாருக்கு?

பார்சல் நிறுவனத்தின் வடக்குக் கிளை மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘நிரந்தரம்’. முதுகுக்குப் பின்னால்தான். தன் நாற்காலி, காப்பிக் கோப்பை, கார் நிறுத்தும் இடம் என்று எதையும் விடாமல் ‘மேலாளர்’ என்று எழுதி ஒட்டிவைத்திருந்த அந்த மனிதர், தன் மடிக்கணினிக்கு நெட்வொர்க் முகவரியாக ஒருநாள் ஐம்பத்தேழாம் எண்ணும் மறுநாள் எண்பத்து மூன்றாம் எண்ணும் கிடைத்ததைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போனார்.

“பிரிண்டருக்கே மாறாத நம்பர் இருக்குங்கிறீங்க. எனக்கு இல்லையா?”

“பிரிண்டர் இடத்தை விட்டு நகராது சார். நீங்க நாலு இடம் போவீங்க,” என்றார் கணினிப் பிரிவுக்காரர்.

கேட்பாரா? ஒன்றாம் எண் வேண்டும் என்றார். அது ரவுட்டருக்குப் போய்விட்டது. இரண்டு சர்வருக்கு, மூன்று பிரிண்டருக்கு. பிரிண்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் நூறை எடுத்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு. விண்டோஸ் அமைப்புக்குள் போய், ‘தானாகப் பெறு’ என்றிருந்ததை நீக்கிவிட்டுத் தன் கையாலேயே அதைத் தட்டிவைத்தார். அன்று அலுவலகமே சாக்லேட் தின்றது.

அந்த நூறோடுதான் இப்போது தெற்குக் கிளையின் கூட்ட அறையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கி ஒரே மேலாளரை நியமிக்கப்போகிறார்கள். தெற்கின் மேலாளர் வேறு யாருமல்ல, அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவன். பதவி அந்தப் பக்கம் போனால், நாளைக்கு லீவு வேண்டுமென்றாலும் அவனிடம் போய் நிற்க வேண்டும்; அதற்கு மாடியிலிருந்து குதிக்கலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அவளும் மறுக்கவில்லை.

இயக்குநர் அம்மாள் கீழே பார்சல் பிரிக்கும் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலே வந்ததும் இருவரும் அவரவர் மடிக்கணினியிலிருந்து, தங்கள் வண்டிகள் அந்த நொடியில் எங்கே போகின்றன என்று திரையில் காட்ட வேண்டும். முதல் வாய்ப்பு வடக்குக்கு. ஆனால் வடக்கின் கணினி ‘இணையம் இல்லை’ என்றது. வைஃபையை அணைத்துப் போட்டார். இல்லை. கணினியையே அணைத்துப் போட்டார். அப்போதும் இல்லை.

“என்ன அண்ணே, மூஞ்சி வேர்க்குது? ஏசியைக் கூட்டவா?” மூடிய தன் கணினிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டான் சகலை. “எங்க நெட்டு நல்லாத்தானே ஓடுது!”

மேலாளர் தாழ்வாரத்துக்கு ஓடி, போனில் கணினிப் பிரிவுக்காரரைப் பிடித்தார்.

“சார், அந்த நூறு நம்ம ஆபீசுக்குள்ளதான் செல்லும். வீட்டு நம்பரை மட்டும் பாத்தா ஆச்சா? தெருவே வேற. நாம அனுப்பற பார்சல் மாதிரிதான். பழையபடி ஆட்டோமேட்டிக்ல போடுங்க, அங்க இருக்கிற ரவுட்டரே ஒரு நம்பர் குடுக்கும்.”

“அவன் குடுக்கிறதை நான் கை நீட்டி வாங்கணுமா?”

“ரவுட்டர்தான் சார் குடுக்குது, உங்க சகலை இல்ல.”

“அவன் ரவுட்டர்தானய்யா!” என்று போனை வைத்தார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக அறைக்குள் திரும்பிய மேலாளரின் கண்ணில் மூலையிலிருந்த பிரிண்டர் பட்டது. அதன் தலையில் அதன் முகவரியை யாரோ ஒட்டியிருந்தார்கள். அதில் முதல் மூன்று எண்களும் இந்த அலுவலகத்தின் தெரு என்று புரிந்துகொள்ளுமளவு அவருக்கு மூளை இருந்தது. அவற்றை அப்படியே எழுதிக் கடைசியில் தன் நூறைப் போட்டார். ரவுட்டருக்கு எந்த ஆபீசிலும் ஒன்றாம் எண்தானே என்று குருட்டாம்போக்கில் அதையும் தட்டினார். சேமித்தார். திரையில் சின்ன வட்டம் சுற்றியது. கதவின் கைப்பிடி திரும்பியது. வட்டம் இன்னும் சுற்றியது.

இயக்குநர் அம்மாள் உட்காரவும் இணையம் வரவும் சரியாக இருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. வரும்போது இரண்டு மடங்கு கர்வத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. வண்டிகள் எறும்பு மாதிரித் திரையில் ஊர்ந்தன. “சின்ன நெட்வொர்க் கோளாறு இருந்துச்சு மேடம். நானே சரி பண்ணிட்டேன். இதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு,” என்றார்.

“நல்லது. அடுத்தது நீங்க,” என்றார் அம்மாள்.

சகலை தன் கணினியைத் திறந்தான். தட்டினான். மறுபடி தட்டினான். முகம் மெல்ல மாறியது. தன் கட்டடத்தில், தன் வைஃபையில், அவனுக்கு இணையம் இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு செய்தி எழுந்தது: இதே ஐ.பி. முகவரியை இந்த நெட்வொர்க்கில் வேறொரு கணினி பயன்படுத்துகிறது.

மேலாளர் ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்தார். சகலையின் முகவரி நூறில் முடிந்தது.

அடப்பாவி, நீயுமா!

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லாவிட்டாலும் முடிந்தது, சகலையின் கதை. பால் குடித்த பூனையாகக் கூரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சகலை கணினியை அணைத்தான், போட்டான், அங்கிருந்த ஊழியர்கள் நாலு பேரை அதட்டினான், சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான், என்று மேலாளர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

“ஏங்க, உங்களுக்குத்தான் தண்ணி பட்ட பாடாச்சே,” என்று அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். “கொஞ்சம் பாருங்களேன்.”

மேலாளர் நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளினார். அதற்குள் சகலையே கத்தினான்: “மேடம், எவனோ என் நூறை எடுத்திருக்கான்!”

“உங்க நம்பர் என்ன?” அம்மாள் மேலாளரைத்தான் கேட்டார்.

“அது... வந்து... நூறு.”

சகலை துள்ளி எழுந்தான்.

“அண்ணே, இது என் ஆபீஸ்!”

“நீ மூடி வச்சிருந்தே. நான் முதல்ல வந்தேன். மூத்தவனும் நான்தான்.”

“வயசுக்கும் வைஃபைக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?”

“சரி, யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்க. அரை நிமிஷ வேலைதானே,” என்றார் அம்மாள். இரண்டு கைகள் இரண்டு கணினிகள்மேல் இருந்தன. இரண்டும் அசையவில்லை. “அப்படி என்னதான் இருக்கு அந்த நூறுல?”

“நூத்துக்கு நூறு மேடம்,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வாழ்க்கையில் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

அம்மாள் எழுந்தார். “என் லேப்டாப் நம்பர் என்னன்னு எனக்கே தெரியாது. வேலை ஓடுது. ரெண்டு கிளையையும் இனிமே நானே நேரடியாப் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே, ஒரே ரூம்ல உக்காந்து எனக்குத் தகவல் குடுங்க. இப்ப ரெண்டு பேரும் ஆட்டோமேட்டிக் போடுங்க. போடற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்.”

போட்டார்கள். பல் பிடுங்கக் கொடுத்தவர்கள் முகத்தோடு.

அம்மாள் போனதும் மேலாளரின் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, தங்கச்சி இப்பதான் பேசினா. அவருக்கும் பதவி இல்லையாமே?”

“இல்ல.”

“அப்பாடா! நல்லதாப் போச்சு,” என்று வைத்துவிட்டாள்.

மேலாளர் தன் புதிய எண்ணைத் திறந்து பார்த்தார். நாற்பத்து நாலு. பரவாயில்லை என்று நினைக்கும்போதே கண் பக்கத்துத் திரைக்குப் போனது. நாற்பத்து மூன்று. அவன் ஒரு நொடி முன்னால் தட்டியிருக்கிறான்.

வைஃபையை அணைத்துப் போட்டார். நாற்பத்து நாலு. யாரும் பார்க்கிறார்களா என்று கவனித்துவிட்டு இன்னொரு தடவை அணைத்துப் போட்டார். நாற்பத்து நாலேதான்.

சாயங்காலமாகிவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சகலை மட்டும் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தான். இவன் மூடிவிட்டுப் போனால் அந்த நாற்பத்து மூன்று காலியாகுமா, ஆகாதா?

“என்ன அண்ணே, வீட்டுக்குக் கிளம்பலையா?”

“நீ முதல்ல கிளம்பு,” என்றார் மேலாளர்.