ஆ என்றால் ஆ

கடலைச் சேராமல் கட்ச் சதுப்பு நிலத்திலேயே முடிந்துபோகும் ஆறு எது என்று அண்ணி வாசிக்கிறாள், லூனி என்கிறாள் செலின், விடைத்தாளின் வட்டத்துக்குள் பேனா சுற்றிச் சுற்றி மை நிரப்பும் சத்தம் கேட்கிறது, அது அடங்குவதற்குள் அடுத்தது, ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் சேர்ந்து நிரப்ப எவ்வளவு நேரம், அதற்கும் அடுத்தது மாலைக்கண் எந்த உயிர்ச்சத்தின் குறைவால் வருகிறது, ஆற்றிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து கண்ணுக்கும் தாவுகிற இந்தக் கேள்விகளுக்கு நடுவே, தான் இருப்பது சென்னையில், ஒரு கல்லூரியின் தரைத்தளத்தில், பார்வையில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் என்பது செலினுக்குத் தெரியும், தெரிந்தும் அந்தக் குரல் அவளைத் திண்டுக்கல்லுக்கு, வீட்டின் பின்கட்டுக்கு, பூண்டுத் தோல் காலில் ஒட்டும் மத்தியானங்களுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே அண்ணி தாழ்ந்த குரலில்தான் வாசிப்பாள், மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்த சேவியர் அண்ணன் முன்னறையில் தூங்குவான், அவன் தூக்கம் கலைந்தால் வீடே கலைந்துவிடும், அதனால் போர்களும் வேதிப்பொருள்களும் சதவீதங்களும் அந்த வீட்டில் ஒரு வருஷம் ரகசியம் போலவே பேசப்பட்டன, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, ஒளிச்சேர்க்கை என்ற ஒரு சொல்லைக் கடக்க அண்ணிக்கு முதல் நாள் மூன்று பூண்டு உரிக்கும் நேரம் ஆனது.

அண்ணியின் பெயர் மரியபுஷ்பம், வத்தலக்குண்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று நின்றவள். செலினுக்குக் கேள்வியை வாசித்து அவள் சொல்லும் விடையைக் குறிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் செலினைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி, பங்குக் கோயிலில் கேட்டாள், பக்கத்துத் தெருவில் கேட்டாள், விதி அனுமதித்தவர்களுக்கு நேரமில்லை, நேரமிருந்தவர்களை விதி அனுமதிக்கவில்லை, கடைசியில் துணி துவைக்கும் கல்லருகே நின்று அண்ணியிடம் கேட்டாள். நானா, நான் பத்தாவதே தாண்டலையே செலினு, என்றாள் அண்ணி. அதனாலதான் அண்ணி, தாண்டியிருந்தா உங்கள உள்ள விடமாட்டாங்க. துணியை அடிக்கும் சத்தம் நின்றது, பிறகு அண்ணி சிரித்தாள், ஃபெயிலானதுக்கும் ஒரு வேலை இருக்குன்னு எங்க அப்பாட்ட யாராச்சும் அன்னிக்கே சொல்லியிருக்கலாம், என்றாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, வங்கியில் டெலிபோன் எடுக்கிற வேலைக்குப் பயிற்சி தருகிறார்களாம், அதற்குப் போகாமல் பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்று மகள் நிற்பதும் அவளோடு சேர்ந்து மருமகள் உட்கார்ந்துவிடுவதும் எங்கே போய் முடியுமோ என்று புலம்பினாள், அண்ணியோ பதினோரு மணிக்கே குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

கண் என்ற சொல் வரும் கேள்விகளை அண்ணி ஆரம்பத்தில் தாண்டிப் போனாள், கண்புரை, விழித்திரை, மாலைக்கண், எதையும் வாசிக்கமாட்டாள், வரிசை எண் இடறியபோது செலின் பிடித்துவிட்டாள், ஏன் அண்ணி ஒண்ண முழுங்கிட்டீங்க, என்று கேட்டதும் அண்ணியின் வளையல்கள் மட்டும் அசைந்தன. எனக்குக் கண்ணு இல்லங்கிறது எனக்குத் தெரியாதா, இந்தக் கேள்விக்கு ஒரு மார்க்கு அண்ணி, வாசிங்க, என்றாள் செலின், இன்றைக்கு இந்த அறையில் அண்ணியின் குரல் மாலைக்கண்ணில் தடுக்கி விழாமல் கடந்துபோகிறது, விட்டமின் ஏ என்கிறாள் செலின், பேனா சுற்றுகிறது.

படக் கேள்விகள் வேறு கதை. நுழைவுத் தேர்வுக்கென்று போன சனிக்கிழமை வகுப்பில் வாத்தியார் அவளிடம் மட்டும் மெல்லச் சொன்னார், மடிச்ச தாளு, திருப்பின உருவம், அந்த மாதிரி வந்தா விட்டுரும்மா, மத்ததுல பாத்துக்கலாம். நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் செலினுக்குச் சுட்டது, விளையாட்டு வகுப்பில் விட்டுரு, அறிவியல் செய்முறையில் விட்டுரு, சுற்றுலாவில் விட்டுரு, பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளுக்கு அன்பாகத் தந்த ஒரே பரிசு அந்தச் சொல்தான், விடமாட்டேன் சார், என்று எழுந்து வந்துவிட்டாள். அன்று மத்தியானம் அண்ணி ஒரு மடித்த தாள் படத்தை வைத்துக்கொண்டு, இப்டி மடிச்சு இப்டி ஓட்ட போட்ருக்கு, என்றாள். இப்டின்னா எப்டி அண்ணி. இப்டித்தான். இருவருக்கும் கோபம் வந்தது, பிறகு பழைய காலண்டர் தாள்கள் வந்தன, செலின் மடித்தாள், ஊக்கால் குத்தினாள், விரித்தாள், துளையின் பிசிறு விரல் நுனியில் எழுந்து நின்றது, ஒரு துளை இரண்டானது, இரண்டு நான்கானது, தாளுக்குள் இப்படி ஒரு கணக்கு ஒளிந்திருப்பது அவள் கைக்கு ஒரு சந்தோஷமாக இருந்தது. தேர்வில் தாளைத் தொட விடமாட்டார்கள், சொல் மட்டும்தான், அதனால் அண்ணி இப்டியை விட்டுவிட்டு வலம், இடம், மேல், கீழ், மூலை, ஓரம் என்று சொல்லக் கற்றாள், கிளிப்பிள்ளைபோல் இல்லை, படத்தை உற்றுப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேர்ந்தது. அண்ணி புத்தகத்தின் பின்பக்கத்து விடைகளை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பாள், செலின் தவறாகச் சொன்னால் பென்சில் ஓடாது, அசையாமல் நிற்கும், அந்த மௌனத்தைக் கேட்டுச் செலின் விடையை மாற்றுவாள், பென்சில் ஓடும், மதிப்பெண் ஏறும், இருவரும் மகிழ்ந்துபோவார்கள். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த சேவியர் கதவருகே நின்று இதைக் கவனித்தான், பரீட்சை நீ எழுதுறியா இல்ல அவ எழுதுறாளா, என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். செலினுக்கு முகம் எரிந்தது, அவன் சொன்னது பொய்யில்லை என்பதால் இன்னும் எரிந்தது, அண்ணி, இனிமே நான் என்ன சொல்றேனோ அதக் குறிங்க, தப்புன்னாலும் குறிங்க, என்றாள், சரி, என்றாள் அண்ணி, ஆனால் கை சொன்னபடி கேட்பதற்கு இன்னும் நாளானது, தவறான விடை வந்தால் ஒரு நொடி தயங்கும், பெருமூச்சு விடும், பிறகுதான் ஓடும்.

இப்போது அண்ணி நிறுத்தாமல் வாசிக்கிறாள், ஒரு சதுரத் தாள், அதோட வலது பாதிய எடுத்து இடது பாதிக்கு மேல மடிச்சிருக்கு, அப்புறம் மேல் பாதிய, என்று அவள் சொல்லும்போதே ஒரு நாற்காலி நகர்கிறது, அறைக்குப் பொறுப்பான மேற்பார்வையாளரின் செருப்பு நெருங்கி வருகிறது, எழுத்துல இருக்கிறத மட்டும்தான் வாசிக்கணும், படத்த விளக்கக் கூடாது, அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க, என்கிறார். அண்ணியின் குரல் அறுந்து நிற்கிறது, அவள் முழங்கை செலின் மீது ஒருமுறை படுகிறது, அடுத்த கேள்விக்குப் போய்விடலாம் என்கிறதா இல்லையா தெரியவில்லை. செலின் எழுந்து நிற்கிறாள். மத்தவங்க பேப்பர்ல இந்தப் படத்தக் கிழிச்சுட்டா சார் குடுத்தீங்க. அவங்களுக்கு இருக்கிற கேள்வி எனக்கும் வேணும், விடச் சொன்னது நீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் விட்டுர்றேன். அறையில் மற்ற வாசிப்பவர்களின் முணுமுணுப்பு ஒவ்வொன்றாக நின்றுபோனது, அவர் வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார், நேரம் ஓடிக்கொண்டிருந்தது, செலின் உட்காரவில்லை, அவர் திரும்பி வந்து, படத்துல இருக்கிறது மட்டும், விடைக்கு உதவுற மாதிரி ஒரு வார்த்த வரக்கூடாது, நான் இங்கயே நிப்பேன், என்றார். நில்லுங்க சார், என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அண்ணி மறுபடி தொடங்கினாள், குரலில் நடுக்கம் இருந்தது, சொல்லில் இல்லை. வலது பாதி இடது பாதி மேல, அப்புறம் மேல் பாதி கீழ் பாதி மேல, இப்ப ஒரு சின்னச் சதுரம், அதோட வலது மேல் மூலைக்குப் பக்கத்துல ஒரு ஓட்ட. விரிச்சா எப்டி இருக்கும். அ, பெரிய தாளோட நாலு மூலையிலயும் ஒண்ணொண்ணு. ஆ, நடுவுல நாலும் நெருங்கி. இ, இடது ஓரம் ரெண்டு, வலது ஓரம் ரெண்டு. ஈ, நாலும் ஒரே வரிசையில. செலின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இல்லாத தாளை மடித்தாள், மடிப்புகள் வலப்பக்கமும் மேலேயும் வந்தன, அவை சந்திக்கிற மூலைதான் தாளின் நடு, ஊசி அங்கேதான் இறங்குகிறது, ஆ, என்றாள்.

பேனா ஓடவில்லை.

ஒரு வருஷத்து மத்தியானங்கள் எல்லாம் அந்த நிசப்தத்தில் வந்து உட்கார்ந்தன, அண்ணிக்குப் படம் தெரிகிறது, நான்கு விடைகளும் கண்முன்னால் இருக்கின்றன, எனக்கு மடியில் காற்றுதான் இருக்கிறது, அ என்று மாற்றிச் சொன்னால் போதும், பேனா ஓடும், பக்கத்தில் நிற்கிற மனிதருக்குக்கூடத் தெரியாது, அந்த ஒரு மதிப்பெண்ணில் இடமே போகலாம், போனால் டெலிபோன், போனால் அம்மாவின் புலம்பல், போனால் எல்லோரும் மறுபடி அன்பாக விட்டுரு என்பார்கள். பிறகு அவளுக்கு உறைத்தது, இந்தத் தாளுக்குப் பின்பக்கத்தில் விடை இல்லை, அண்ணிக்கும் இன்று தனக்குத் தோன்றியதுதான் தெரியும். தெரிந்திருந்தாலும்தான் என்ன என்று அதற்குப் பின்னால் இன்னொரு எண்ணம் வந்தது, கோபமாக, அவளுடைய சொந்தக் குரலில். ஆ அண்ணி, ஆ-தான், குறிங்க, என்றாள் உரக்க. பேனா மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

ஊர் திரும்பும் பேருந்து செங்கல்பட்டைத் தாண்டியதும், நான் நின்னது உனக்குக் கேட்டுச்சுல்ல, என்றாள் அண்ணி. கேட்டுச்சு. கேட்டும் ஏன் மாத்தல. மாத்தியிருந்தா அது உங்க மார்க்கு அண்ணி, நாளைக்கு நான் எங்க போய் நின்னாலும் உங்க அண்ணி எழுதினதுன்னு ஒருத்தன் சொல்லுவான், அவன் சொல்றது உண்மையா இருக்கும். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது சேலை உரசலில் தெரிந்தது, ஒரு மார்க்குல போயிருச்சுன்னா என்ன பண்ணுவ, என்றாள், திரும்ப எழுதுவேன், என்றாள் செலின்.

விடைக் குறிப்பு வெளியான நாளில் சேவியரின் போனை வாங்கி அண்ணிதான் வாசித்தாள், ஆற்றில் சரி, குழாயில் தப்பு, மாலைக்கண்ணில் சரி, மடித்த தாளுக்கு வந்ததும் நின்றாள், என்ன அண்ணி, என்று செலின் கேட்டாள், காலண்டர் தாள் ஒன்று கிழிபடும் சத்தம், மடிக்கும் சத்தம், ஊக்கு இறங்கும் சத்தம், விரிக்கும் சத்தம், அப்புறம் அண்ணி, ஆ-தான்டி, என்றாள், நான் நாலு மூலைன்னு சத்தியமே பண்ணியிருப்பேன், என் பேச்சக் கேட்டிருந்தா உன்னக் கவுத்திருப்பேன். பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு, செலினின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

இடம் கிடைத்தது, முதல் அறிவிப்பிலேயே வந்தது. விடுதிக்குக் கொண்டுபோகத் தகரப்பெட்டியை அம்மா துடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அண்ணி பின்கட்டில் வந்து உட்கார்ந்தாள், பூண்டு இல்லை, புத்தகமும் இல்லை. நீ போனப்புறம் நான் என்ன பண்றது, என்றாள், பிறகு செலின் பதில் தேடுவதற்குள், எனக்குக் கணக்கு ஒண்ணுதான போச்சு, மத்ததெல்லாம் பாஸுதான நான், என்றாள். செலின் நினைவிலிருந்து ஒரு கேள்வியை எடுத்தாள், ஒரு பஸ்ஸு போகும்போது மணிக்கு நாப்பது கிலோமீட்டர், அதே வழியில திரும்பும்போது அறுபது, சராசரி வேகம் என்ன. ஐம்பது, என்றாள் அண்ணி யோசிக்காமல். தப்பு அண்ணி, நாப்பத்தெட்டு. எப்டி நாப்பத்தெட்டாகும், நாப்பதும் அறுபதும் நூறு, அதுல பாதி ஐம்பது. தூரம் ஒண்ணுதான், ஆனா மெதுவா போறப்ப ரொம்ப நேரம் போறோம்ல. அண்ணி தரையில் விரலால் எதையோ போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். முன்னறையிலிருந்து சேவியர் டீ கேட்டுக் கூப்பிட்டான், இரண்டாவது முறையும் கூப்பிட்டான். அண்ணி தலையைத் தூக்கி, அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத பெருங்குரலில், கணக்குப் போட்டுட்டிருக்கேன், இருங்க, என்றாள்.