சொல்லாமல் விட்ட சர்க்கரை

எகிப்தின் மன்சூரா நகரில் நைல் கரையோர விருந்து மண்டபம் அது. பரிமாறுபவர் கைபேசியில் மேசை எண்ணையும் எத்தனை காபி என்பதையும் தட்டினால் போதும், சமையற்கட்டுத் திரையில் ஆர்டர் வந்துவிடும். சர்க்கரை பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் 'மஸ்பூத்', அதாவது அளவான சர்க்கரை, என்று நிரலே எடுத்துக்கொள்ளும். எகிப்தில் பாதிப் பேர் அதைச் சொல்வதே இல்லை. அதுகூடத் தெரியாதவன் காபி போட வரக் கூடாது என்பது அவர்கள் கட்சி.

நிரலைப் பார்த்துக்கொள்ளும் பஹ்கத்தை வேலையில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலாளர் மதாம் இனாஸ் அன்று மாலை முடிவு செய்ய இருந்தார்.

காலையில் அவன் ஒரே ஒரு வேலை செய்தான். ஆர்டர் எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ள, பைத்தான் நிரல்மொழியில் இருந்த ஆர்டர் ஃபங்ஷனை, அதாவது ஆர்டரை வாங்கி அனுப்பும் நிரல்துண்டை, சுற்றி இன்னொரு ஃபங்ஷன் போட்டான். உள்ளே இருந்ததைத் தொடவில்லை. தொடாததைச் சோதிப்பானேன் என்று சோதிக்கவும் இல்லை.

மூன்று மணிக்குச் சம்பந்தம் பேச வந்த இரு வீட்டாருக்கும் அன்றைய முதல் காபித் தட்டு போயிற்று. பெண்ணின் அப்பா ஹாஜி கலஃப் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு செத்துட்டாங்க?"

சர்க்கரையே போடாத காபி. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கொடுப்பது. மாப்பிள்ளையின் அத்தை, "ஐயையோ, நல்ல காரியத்துல இதென்ன!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். நீரிழிவுக்கார மாமா ஒருவர் மட்டும் மூன்றாவது கோப்பையை எடுத்தார். பெண்ணின் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார்.

மதாம் இனாஸ் சமையற்கட்டுக்குள் பாய்ந்தார். காபி மாஸ்டர் ஷஹாத்தா திரையைக் காட்டினார்.

"நான் என்ன பண்ணட்டும் மதாம்? 'சர்க்கரை இல்லை'ன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டரோட வாதாடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

மதாம் பஹ்கத் பக்கம் திரும்பினார். "இன்ஜினியர் சார்! அவங்க எழுந்து போறதுக்குள்ள சரி பண்ணுங்க. முடியலன்னா நீங்களும் அவங்க கூடவே கிளம்பிடலாம்."

பஹ்கத் மடிக்கணினியைத் திறந்தான். உள்ளே இருந்த ஃபங்ஷன் தன் மஸ்பூத்தை மறக்கவே இல்லை. இவன் போட்ட வெளி ஃபங்ஷன்தான், யாரும் சர்க்கரையைப் பற்றி வாய் திறக்காதபோதும், 'சர்க்கரை: ஒன்றுமில்லை' என்று மெனக்கெட்டு உள்ளே சொல்லியிருந்தது. பேசாமல் இருப்பது வேறு, இல்லை என்று சொல்வது வேறு. பைத்தானுக்கும் அப்படித்தான், ஹாஜிக்கும் அப்படித்தான்.

"ஷஹாத்தா மாமா, ரெண்டே நிமிஷம்!"

"எடுத்துக்கப்பா. அங்க பெரியவர் வாட்ச்சப் பாத்துட்டிருக்காரு."

வெளி ஃபங்ஷனில் தான் எழுதிய சர்க்கரையை அழித்தான். வந்தது எதுவோ அதை அப்படியே உள்ளே தள்ளு, வராததைப் பற்றிப் பேசாதே என்று மாற்றினான். இந்த முறை சோதித்தான். சர்க்கரை சொல்லாமல் ஓர் ஆர்டர்: திரையில் மஸ்பூத். தூக்கலாக ஓர் ஆர்டர்: அதுவும் சரி.

இரண்டாவது தட்டை மதாம் இனாஸே கொண்டுபோனார். பஹ்கத் கதவிடுக்கில் நின்றான். ஹாஜி கோப்பையை, போலீஸ்காரர் தடயத்தை முகர்வது மாதிரி, முகர்ந்தார். உறிஞ்சினார். மண்டபம் முழுக்க அவர் மீசையையே பார்த்தது. இன்னொரு வாய்.

"ம்ம். இதான் காபி" என்றார். "சரி, ஃபாத்திஹா ஓதிடலாமா?"

சம்பந்தத்தை உறுதி செய்யும் அந்த ஓதலுக்கு எல்லாக் கைகளும் விரிந்தன. ஓதி முடித்ததும் அத்தை விட்ட குலவை சமையற்கட்டுப் பாத்திரங்களில் எதிரொலித்தது.

மதாம் இனாஸ் திரும்பி வந்தபோது பஹ்கத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரிங்க" என்றார் அவர். "காகிதத்துல கையெழுத்துப் போடணும். நாளையிலேருந்து எட்டு மணிக்கே வந்துடணும்."

வாழ்நாளில் முதல் முறையாக, எட்டு மணி என்பது அவனுக்கு நல்ல நேரமாகத் தோன்றியது.