துடுப்பில் ஒட்டிய களி

ஏரியூர்ப் பக்கத்தில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் கண்ணம்மாளுக்கு ஆள் வரும். ஒப்பாரி என்றால் அவள் ஒப்பாரிதான். முன்னே பின்னே பார்த்திராத கிழவனுக்கும் உட்கார்ந்த மாத்திரத்தில் பாட்டுக் கட்டிவிடுவாள். கல்நெஞ்சுக்காரனும் துண்டால் மூக்கைச் சிந்துவான். "கண்ணம்மா பாட்டுக்காவது ஒருக்கா சாவணும்ப்பா" என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டு செத்தவனுக்குக் கேட்குமா என்று யாரும் யோசித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு, அக்கா தங்கம்மாள் நோயில் விழுந்தபோது வாய் கட்டிப்போனது. யுத்தம் நடந்த காலம். கேழ்வரகுக்கே ஊர் அலைந்தது. தங்கம்மாளுக்கு இருமலில் ரத்தம் வந்தது. தருமபுரிக்கு வண்டி கட்டிப்போய்க் காட்டியதில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆத்தா செத்த பிறகு கண்ணம்மாளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இந்த அக்காதான்.

அன்றைக்கே கண்ணம்மாளின் மனசு பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டது. பாவி மனசு! உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி கட்டுவது எமனுக்கு வழி காட்டுவது போல என்பார்கள். தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஊரார் பிணத்துக்கெல்லாம் வாயில் வந்ததைப் பாடியவளுக்கு, அக்காவுக்கு மட்டும் ஒரு சொல்கூடக் குறையில்லாத பாட்டு வேண்டியிருந்தது. அக்கா வீட்டில் ராகி அரைக்கும் கல்லைச் சுற்றும்போது ஓர் அடி முனகுவாள், பிடிக்காது, தள்ளிவிடுவாள்.

ஒருநாள் பாயில் கிடந்தபடியே தங்கம்மாள் கேட்டாள்.

"என்னடி முனகறே? எனக்குத்தான?"

கண்ணம்மாள் கல்லைச் சுற்றுவதை நிறுத்தினாள். "ஐயோ, இல்லக்கா..."

"இருந்தா என்னடி? ஊரே கேக்குது, நா மட்டும் கேக்காமப் போவணுமா? களி கிண்டி எனக்கு வெச்சே, துடுப்புல ஒட்டினத நீ தின்னேன்னு நேத்து முனகினியே, அதப் பாடு."

"அதெல்லாம் ஒரு பாட்டாக்கா? எந்த வூட்ல களி கிண்டலே? இரு, நல்லதாக் கட்டிப் பாடறேன்."

"அது நெசந்தானடி" என்று தங்கம்மாள் சிரிக்கப் போய் இருமினாள்.

அபசகுனத்துக்குப் பயந்துதான் பாடவில்லை என்று கண்ணம்மாள் பிற்பாடு தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அது பொய். பாட்டு சரியாக அமையவில்லை, அவ்வளவுதான். அக்கா அப்புறமும் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள் இவள். ஆடி பிறந்ததும் ஒரு விடியலில் தங்கம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து கண்ணம்மாளின் வாயைப் பார்த்தார்கள். அவள் பாடினாள். தங்கத்தில் தொட்டில், முத்தில் பல்லக்கு, பவழத்தில் படி என்று இழைத்து இழைத்து வைத்திருந்த பாட்டு. ஒரு சொல் பிசகவில்லை. ஊரே குலுங்கி அழுதது. அக்கா புருஷன் பெரியண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். கண்ணம்மாள் கண்ணில் மட்டும் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. தங்கத் தொட்டிலும் முத்துப் பல்லக்கும் யாருக்கு? தங்கம்மாள் பித்தளை மூக்குத்திக்கு மேல் எதையும் கண்டதில்லையே! எவளோ ஒரு ராஜாத்திக்குப் பாடிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தபோது பாடை கிளம்பிவிட்டது. தெருமுனையோடு பெண்கள் திரும்ப வேண்டும்; திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவி விளக்கு வைத்தாயிற்று. இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டு ராணியம்மாள் களி கொண்டுவந்தாள்.

"ரெண்டு வாய் தின்னுடி. அப்பறம் நீயும் படுத்துக்குவே."

கண்ணம்மாள் உருண்டையில் விரலை வைத்தாள், சுட்டது. அப்போதுதான் அழுகை வந்தது.

"களி கிண்டி எனக்கு வெச்சே – அக்கா
துடுப்புல ஒட்டினத நீ தின்னே..."

"வெளக்கு வெச்ச பொறவு பாடக் கூடாதுடி!" என்று ராணியம்மாள் பதறினாள். விளக்கு வைத்த வீட்டில் ஒப்பாரி எழுந்தால் இன்னொரு சாவு விழும் என்று அங்கே பயம். கண்ணம்மாள் நிறுத்தவில்லை. யோசிக்காமலே அடுத்த அடி வந்தது.

"பசிக்கலேன்னு பொய் சொன்னே – அதப்
பச்சப்புள்ள நா நம்பினேனே..."

ராணியம்மாள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடு, பாடு என்று கேட்டவள் மட்டும் அங்கே இல்லை.