தெபோரா ‘போ’ என்றாள்

நான் ஹைஃபா போய்ச் சேர்ந்தபோது என் மனைவி தெபோரா ஏற்கெனவே ஹீப்ருவுக்குள் குடியேறியிருந்தாள். அதற்குள்ளே தமிழ் கேட்காது. வெளியே நின்று எவ்வளவு கத்தினாலும் உதடு அசைவது மட்டும்தான் தெரியும்.

அவள் அங்கே நர்ஸ். நாங்கள் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

விமான நிலையத்தில் அதிகாரி ஹீப்ருவில் பேசினார். அவர் நெஞ்சுக்குக் கீழே தமிழில் எழுத்து ஓடியது. அந்த வசதி விமான நிலையத்துக்குள் மட்டும்தான்.

“எந்த ஊர்?”

“நாசரேத்.”

“உள்ளூர்க்காரர் இந்த வரிசையில் ஏன் நிற்கிறீர்?”

“தூத்துக்குடி மாவட்டம் சார்.”

“பெயர்?”

“எபநேசர்.”

அவர் முகம் மலர்ந்தது. “எங்கள் மொழியில் உதவியின் கல்.”

அந்த ஊரில் பெயர் பலிக்கும். என்னைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். பெட்டிகளோடு பெட்டியாகச் சுழன்று வெளியே வந்தேன். சௌகரியமாகத்தான் இருந்தது.

தெபோராவின் வீடு மாடியில். “கதவே, திற” என்றேன். வேறு யாரையோ சொல்கிறான் என்பதுபோல் கதவு நின்றது.

துணி காயும் கொடியில் பக்கத்து வீட்டு சிப்போரா உட்கார்ந்திருந்தாள். சிப்போரா என்றால் பறவை. மற்றபடி கண்ணாடி போட்ட, குண்டான அம்மாள்.

“என்ன அண்ணாச்சி, நின்னுட்டே இருக்கிய?” என்றாள்.

“தமிழ் தெரியுமா?”

“வருஷா வருஷம் கூந்தன்குளம் பறவை சரணாலயத்துக்கு வருவம்லா. அது பேரு தெலெத். அப்படிக் கூப்பிடுங்க.”

“தெலெத்” என்றேன். கதவு “என்ன?” என்பதுபோல் திறந்தது.

உள்ளே தெபோரா இருந்தாள். அவள் பெயருக்குத் தேனீ என்று அர்த்தம். அதனால் ஓரிடத்தில் நிற்காமல் விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

“போ!” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒருமையில் பேசியதில்லை. நான் திரும்பி வராந்தாவுக்கு வந்தேன்.

“போ! போ!” என்று பின்னாலிருந்து கத்தினாள். ஒவ்வொரு போவுக்கும் வராந்தா கொஞ்சம் நீண்டது. அதில் ஒரு எலுமிச்சைத் தோப்பு வந்தது. பிறகு ஒரு பஸ் நிறுத்தம். அவள் குரல் உடைவது கேட்டது. இவ்வளவு அழுதுகொண்டே ஒருத்தி ஏன் விரட்ட வேண்டும்? எனக்கும் அழுகை வந்தது. கல் அழுதால் நனைகிறது, அவ்வளவுதான்.

சிப்போரா பறந்து வந்து பஸ் நிறுத்தத்தின் கூரையில் இறங்கினாள்.

“எங்க அண்ணாச்சி கிளம்பிட்டிய?”

“போகச் சொல்லிட்டா.”

“அட, போன்னா இங்க வான்னுல்லா அர்த்தம்!”

பஸ் வரும் திசையைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

“அப்போ போகச் சொல்லணும்னா?”

“லெஹ்.”

“இங்கேன்னு சொல்ல?”

“அதுவும் போதான். எழுத்து வேற. நம்ம காதுக்கு ரெண்டும் ஒண்ணு.”

யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் தெபோரா தமிழில் “போங்க” என்று சிணுங்கினாலும் இதே அர்த்தம்தான். ஒன்றரை வருஷத்தில் மறந்துபோயிருந்தேன்.

“திரும்பிப் போக பஸ் இருக்கா?”

“வார்த்தை சொல்லிட்டே நடங்க. வராந்தா சுருங்கிரும்.”

சிப்போரா மேலே பறந்தபடி சொல்லிக்கொடுக்க, நடந்தேன். தண்ணீருக்கு மாயிம். தோப்பு பின்னால் போனது. ரொட்டிக்கு லெஹெம். அது பெத்லகேமில் பாதி என்பதால் சீக்கிரம் பிடிபட்டது. தரையில் ஒரு போன் அடித்தது. எடுத்து “ஹலோ” என்றேன். பக்கத்து ஜன்னல் பாதி திறந்தது.

“ஜன்னலுக்கு ஹலோன் அண்ணாச்சி. கடைசில ‘ன்’ போடுங்க” என்றாள் மேலேயிருந்து.

“ஹலோன்” என்றேன். முழுக்கத் திறந்தது. போனில் யாரோ நன்றி சொல்லிவிட்டு வைத்தார்கள்.

வாசலில் தெபோரா உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“அனி போ” என்றேன். நான் இங்கே இருக்கிறேன்.

அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கல் என்று பார்க்கவில்லை. ஆனால் அதற்குமேல் நான் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. என் ஹீப்ரு அதோடு தீர்ந்துவிட்டது.

கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். ஒரு டப்பாவைக் காட்டி, “ஓரெஸ்” என்றாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன்.

“அரிசி” என்றேன், வாய் தவறி.

டப்பா சற்று யோசித்தது. தூரத்துச் சொந்தம் போலிருக்கிறதே என்பதுபோல் மூடியை நகர்த்தியது. அந்தச் சின்ன இடைவெளி வழியாக என் தமிழ்ச் சொல் ஹீப்ருவுக்குள் போய்விட்டது.

தெபோரா சுற்றுவதை நிறுத்தினாள்.

“அரிசியா?” என்றாள், தமிழில்.

“ஆமா.”

“சும்மா பாத்துட்டு நிக்கியளே. ரெண்டு டம்ளர் எடுத்துக் களைஞ்சி வைங்க” என்றாள். “சிப்போராவும் சாப்பிட வருவா. அவளுக்குக் குழைஞ்சா பிடிக்காது.”